கனகாம்பரம் வளர்ப்போம்

பூக்கடையில் மல்லிகை இருக்கிறது. முல்லை இருக்கிறது. அவற்றை மணத்துக்காக வாங்குகிறோம். பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒரு சரம் தொங்குகிறது. அதற்கு மணமே இல்லை. ஆனாலும் பெண்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். அதுதான் கனகாம்பரம்.

மணம் இல்லாத பூவை ஏன் வாங்க வேண்டும்? காரணம் இருக்கிறது. மல்லிகை சீக்கிரம் வாடிவிடும். கனகாம்பரம் அவ்வளவு விரைவில் வாடாது. எடையும் மிகக் குறைவு. தலையில் வைத்தால் பாரம் தெரியாது. வெள்ளை மல்லிகையோடும் பச்சை மரிக்கொழுந்தோடும் சேர்த்துக் கட்டினால் கண்ணுக்கு அழகாக இருக்கும்.

கனகம் என்றால் பொன். அம்பரம் என்றால் ஆடை. பொன்னாடை போன்ற பூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெலுங்கிலும் மலையாளத்திலும் இதே பெயர்தான். கன்னடத்தில் கனகாம்பர என்பார்கள். மராட்டியிலும் கோவாவின் கொங்கணியிலும் இதன் பெயர் அபோலி. அங்கும் பெண்கள் இதைத் தலையில் சூடுகிறார்கள்.

இது எங்கிருந்தோ வந்த செடி இல்லை. தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் தாயகம். தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் இதை விற்பனைக்காகப் பயிர் செய்கிறார்கள். வீட்டுக் கொல்லையிலும் வளர்க்கலாம். தொட்டியிலும் வளர்க்கலாம்.

செடியைப் பார்ப்போம்

கனகாம்பரம் ஒரு சிறு புதர்ச்செடி. இரண்டு மூன்று அடி உயரம் வளரும். இலை கரும்பச்சையாகப் பளபளப்பாக இருக்கும். இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும் பழக்கம் இதற்கு இல்லை. ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கும்.

கிளையின் நுனியில் கதிர் வரும். கம்புக் கதிரை மிகச் சிறியதாகச் செய்தது போல இருக்கும். அந்தக் கதிரில் பூக்கள் கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும். ஒரே நாளில் எல்லாம் மலர்ந்துவிடாது. ஒரு கதிர் பூத்து முடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். மற்றப் பூக்களில் இதழ்கள் சுற்றிலும் இருக்கும். இதில் எல்லா இதழும் ஒரே பக்கமாக விரிந்திருக்கும். சின்ன விசிறி போலத் தெரியும். கீழே நூல் போன்ற மெல்லிய குழல் இருக்கும். அந்தக் குழலைச் சேர்த்து வைத்துத்தான் நாரால் கட்டுகிறோம்.

ஆடாதோடை, நிலவேம்பு, டிசம்பர் பூச்செடி ஆகியவை இதன் உறவுச் செடிகள். பிள்ளைகள் தண்ணீரில் போட்டு வெடிக்கவைக்கும் பட்டாசுக்காய்ச் செடியும் இந்தக் குடும்பம்தான். கனகாம்பரக் காயும் அப்படியே வெடிக்கும். காய்ந்த காய் மேல் தண்ணீர் பட்டால் போதும். பட்டென்று பிளந்து விதையைத் தூர எறியும். அதனால் ஆங்கிலத்தில் இதற்குப் பட்டாசுப் பூ என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

விதை சேர்ப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முற்றிய கதிரை ஒரு மழை வரை விட்டுவைத்தால் விதை கிடைக்காது. பழுப்பாக மாறிய கதிரை வெயில் நேரத்தில் வெட்டி எடுக்க வேண்டும். துணிப்பையில் போட்டு வைக்க வேண்டும். காய் வெடித்தாலும் விதை பைக்குள்ளேயே கிடக்கும்.

எந்த வகை?

நாம் அதிகம் பார்ப்பது ஆரஞ்சு நிறக் கனகாம்பரம். மஞ்சள் நிறத்திலும் சிவப்பு நிறத்திலும் வகைகள் உண்டு. டெல்லி கனகாம்பரம் என்றும் ஒரு வகை இருக்கிறது. இதன் பூ பெரியது. இளஞ்சிவப்பு கலந்த ஆரஞ்சு நிறம். சந்தையில் இதற்கு நல்ல மதிப்பு உண்டு.

டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது. கிளையை வெட்டி நட்டுத்தான் புதிய செடி உண்டாக்க முடியும். “டெல்லி கனகாம்பர விதை” என்று யாராவது பொட்டலம் விற்றால் வாங்க வேண்டாம்.

பெயரில் டெல்லி இருப்பதால் இது குளிரைத் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கனகாம்பரம் எதுவுமே கடும் குளிரைத் தாங்காது. உறைபனி பட்டால் செடி கருகிவிடும். வட இந்தியாவில் தை மாதக் குளிர் கடுமையாக இருக்கும் இடங்களில் இதைத் தொட்டியில் வைத்து, குளிர் நாளில் வீட்டுக்குள் எடுத்து வைப்பது நல்லது. ஐரோப்பிய நாடுகளிலும் இதை வீட்டுக்குள் வைக்கும் தொட்டிச் செடியாகத்தான் வளர்க்கிறார்கள். நம் ஊர் வெப்பம் இதற்கு ஏற்றது.

இடமும் மண்ணும்

நாள் முழுவதும் சுள்ளென்ற வெயில் இதற்குத் தேவையில்லை. கொஞ்சம் நிழல் இருந்தால் பூவின் நிறம் இன்னும் நன்றாக வரும். தென்னை மரத்துக்கு இடையில், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் நடலாம். முழு நிழல் கூடாது. முழு நிழலில் செடி நெட்டையாக வளரும். பூ குறைந்துவிடும்.

செம்மண் நல்லது. மணல் கலந்த வண்டல் மண்ணும் நல்லது. எந்த மண்ணாக இருந்தாலும் தண்ணீர் தேங்கக் கூடாது. மழை பெய்து மறுநாளும் குட்டை போல் நிற்கும் இடத்தில் கனகாம்பரம் நிலைக்காது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். முன்பு அந்த இடத்தில் என்ன பயிர் இருந்தது? இதைப் பலர் கேட்பதில்லை. ஏன் கேட்க வேண்டும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

நாற்றும் நடவும்

ஆரஞ்சு வகையை விதை மூலம் வளர்க்கலாம். ஆடி மாதத்திலிருந்து ஐப்பசி வரை விதைக்கலாம். மேட்டுப்பாத்தி போட்டு, விதையைத் தூவி, மேலே மெல்லிய மணல் போட்டு மூட வேண்டும். பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். குடத்தால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போகும். விதை முளைக்க நாள் பிடிக்கும். முளைக்கவில்லை என்று பாத்தியைக் கிளறிவிடக் கூடாது. இரண்டு மாத நாற்றைப் பிடுங்கி நடலாம்.

டெல்லி கனகாம்பரத்துக்கு நுனிக்கிளை வேண்டும். நோய் இல்லாத செடியாகப் பார்த்து, நான்கு விரல் நீளத்துக்குக் கிளையை வெட்ட வேண்டும். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் ஊன்ற வேண்டும். நிழலில் வைக்க வேண்டும். மணல் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். இழுத்துப் பார்த்துச் சோதிக்கக் கூடாது. புதுத் தளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று பொருள்.

நிலத்தை நன்றாகக் கொத்திக் கட்டியை உடைத்துவிட வேண்டும். மக்கிய தொழு உரம் தாராளமாகப் போட வேண்டும். வரிசைக்கு வரிசை 2 அடி விட வேண்டும். செடிக்குச் செடி ஒன்றரை அடியிலிருந்து 2 அடி வரை விடலாம். மேட்டு வரிசையில் நட்டால் தண்ணீர் தேங்காது. மாலை நேரத்தில் நட்டு, உடனே தண்ணீர் விட வேண்டும்.

நட்டு இரண்டு மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று ஆண்டு பலன் தரும்.

அதற்குப் பிறகு வேலை அதிகம் இல்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் தண்ணீர் விட வேண்டும். களை எடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொழு உரமோ மண்புழு உரமோ போடலாம். பூத்து முடிந்து காய்ந்த கதிர்களைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். விதைக்காக நாலு கதிரை விட்டால் போதும். காய்ந்த கதிரைக் கிள்ளினால் பக்கத்தில் புதுக் கதிர் வரும். அசுவினி என்ற பேன் தளிரில் ஒட்டிக்கொண்டால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம். வேப்பெண்ணெய்க் கரைசலும் தெளிக்கலாம்.

இவ்வளவு எளிதான செடிதான். ஆனாலும் ஒரு தோட்டமே சில வாரத்தில் காய்ந்துபோவதும் உண்டு.

வேரைப் பார்த்தார்கள்

ஓர் ஊரில் நடந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு பெண் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடத்தில் கனகாம்பரம் நட்டாள். 100 செடி இருக்கும். நான்கு மாதம் நன்றாகப் பூத்தது. பூ விற்ற பணத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பையும் வாங்கினாள்.

பிறகு செடிகள் மஞ்சளாகத் தொடங்கின. இலை சிறுத்துப் போனது. ஓரம் சிவந்து தொங்கியது. ஒரு மூலையில் தொடங்கிய வாட்டம் வாய்க்கால் ஓரமாகவே பரவியது. 30 செடி காய்ந்துவிட்டது.

அவள் கடன் வாங்கி 30 புது நாற்று வாங்கி வந்தாள். காய்ந்த செடியைப் பிடுங்கிய அதே குழியில் நடப் போனாள். அப்போது அவளுடைய அத்தை வந்தார். அத்தை பல ஆண்டு பூ விவசாயம் பார்த்தவர்.

“என்னம்மா, அதுக்குள்ள புதுசா நடறே?”

“செடி எல்லாம் காஞ்சு போச்சு அத்தை. யாரோ கண்ணு வச்சுட்டாங்கன்னு சொல்றாங்க. பூசணிக்காய்கூடக் கட்டிட்டேன்.”

“தண்ணி ஒழுங்கா விட்டியா?”

“வாடுதேன்னு ரெண்டு வேளையும் விட்டேன் அத்தை. விட விட இன்னும்தான் வாடுது.”

“வேரைப் பார்த்தியா?”

“இல்லையே அத்தை. மேலதான பார்த்தேன்.”

அத்தை கேலி செய்யவில்லை. பாதி வாடிய செடி ஒன்றை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்தார். ஒரு வாளித் தண்ணீரில் மெதுவாக அலசினார். தள்ளி நின்ற ஒரு நல்ல செடியையும் எடுத்து அலசினார். “ஒரு செடி போனாப் போகுது. பாக்காம இருந்தா எல்லாம் போகும்” என்றார். இரண்டு வேரையும் ஒரு தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

நல்ல செடியின் வேர் வெளுத்து, நீளமாக, மெல்லிய சல்லி வேரோடு இருந்தது. வாடிய செடியின் வேரில் சல்லி வேரே இல்லை. இருந்த வேரிலும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. சில இடம் கறுத்து அழுகியிருந்தது.

“நிலக்கடலை வேர்லயும் முடிச்சு இருக்குமே அத்தை. அது நல்லதுன்னுதான சொல்லுவாங்க?”

“அது வேற. அந்த முடிச்சு வேர்மேல ஒட்டிக்கிட்டு இருக்கும். நகத்தால தட்டினா உதிரும். இதத் தட்டிப் பாரு.”

அவள் தட்டிப் பார்த்தாள். உதிரவில்லை. வேரே வீங்கியிருந்தது.

“போன வருசம் இந்த இடத்துல என்ன போட்டிருந்தே?”

“கத்தரி அத்தை. அதுக்கு முன்னால தக்காளி.”

“அங்கதான் வந்திருக்கு.”

கண்ணுக்குத் தெரியாத புழு

மண்ணில் நூற்புழு என்று ஓர் உயிர் இருக்கிறது. நூல் போல மெலிந்திருக்கும். நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெறும் கண்ணால் பார்க்க முடியாது. நூற்புழுக்களில் பல வகை உண்டு. எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் சில வகை வேருக்குள் நுழைந்து சாற்றை உறிஞ்சும். ஒரு வகை வேரில் முடிச்சு உண்டாக்கும். இன்னொரு வகை வேரைத் துளைத்துப் புண்ணாக்கும். கனகாம்பரத்தை இரண்டும் தாக்கும்.

புழு போட்ட புண் வழியாகப் பூசணம் உள்ளே போகும். அதனால் வேர் அழுகும். அதைத்தான் வாடல் நோய் என்கிறோம். புழுவும் பூசணமும் சேர்ந்தால் செடி பிழைப்பது கடினம்.

இப்போது அந்தப் பெண்ணின் தோட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். வேர் கெட்டதால் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியவில்லை. மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடியது. தாகம் என்று நினைத்து அவள் இன்னும் தண்ணீர் விட்டாள். ஈரம் கூடியதால் அழுகல் கூடியது. ஒரு செடியின் அடியில் இருந்த புழு வாய்க்கால் தண்ணீரோடு அடுத்த செடிக்குப் போனது. மண்வெட்டியில் ஒட்டிய மண்ணோடும் போயிருக்கும்.

கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவற்றின் வேரிலும் வேர்முடிச்சு நூற்புழு வாழும். அந்தப் பயிரை எடுத்த பிறகும் புழு மண்ணில் இருக்கும். அதே மண்ணில் கனகாம்பரம் நட்டால் புழுவுக்குத் தீனி கிடைத்துவிடும். முன்பு என்ன பயிர் இருந்தது என்று கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

மஞ்சள் இலை எல்லாம் நூற்புழுவால் வருவதில்லை. இதையும் கவனிக்க வேண்டும். இளந்தளிர் மட்டும் மஞ்சளாகி, நரம்பு பச்சையாகவே இருந்தால் அது இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் இப்படி வரும். மழைக்குப் பிறகு தோட்டம் முழுவதும் மஞ்சளானால் தண்ணீர் தேங்கியதா என்று பார்க்க வேண்டும். ஒரு செடியைப் பெயர்த்து வேரைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். மீதிக்கு மண் பரிசோதனை இருக்கிறது.

பிறகு என்ன செய்தார்கள்?

புது நாற்றை அந்தக் குழியில் நடவில்லை. பழைய வாளி, உடைந்த குடம், சிமென்ட் சாக்கு ஆகியவற்றை அத்தை சேர்க்கச் சொன்னார். அடியில் ஓட்டை போட்டு, வேறு இடத்து மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்பினார்கள். 30 நாற்றும் அவற்றில் நடப்பட்டன. நடும் முன் ஒவ்வொரு நாற்றின் வேரையும் பார்த்தார்கள். வேரில் முடிச்சு இருந்த 4 நாற்றை எரித்துவிட்டார்கள். விலை கொடுத்து வாங்கிய நாற்றை எரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த நாலு நாற்று மற்ற 26 நாற்றுக்கும் ஆபத்து.

காய்ந்த செடிகளை வேரோடு தோண்டி எடுத்து எரித்தார்கள். எருக்குழியில் போடவில்லை. போட்டால் அந்த உரத்தோடு புழுவும் பூசணமும் மறுபடியும் தோட்டத்துக்கு வந்துவிடும். நோய்ப்பகுதிக்குப் போகும் வாய்க்காலை மண் போட்டு அடைத்துத் தனியாகப் பிரித்தார்கள். நல்ல பகுதியில் முதலில் வேலை செய்து, நோய்ப்பகுதியில் கடைசியாக வேலை செய்வது என்று முடிவு செய்தார்கள். வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவி வெயிலில் வைத்தார்கள்.

பிறகு மண்ணைப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். செடியின் வேரைச் சுற்றி அரை அடி ஆழம் வரை தோண்டி, ஐந்தாறு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மண் எடுத்தார்கள். சில வேர்களையும் சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டினார்கள். நூற்புழுப் பரிசோதனைக்கு மண்ணைக் காயவைக்கக் கூடாது. பை வெயிலிலும் இருக்கக் கூடாது. ஒரு சீட்டில் பெயர், ஊர், தேதி, பயிர், முன்பு இருந்த பயிர் எல்லாவற்றையும் அவளே எழுதினாள். பேனா மை ஈரத்தில் கரையும் என்பதால் பென்சிலால் எழுதினாள்.

இதை எங்கே கொண்டு போவது? பெரும்பாலான மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. அங்கே விவசாயிகள் போய்ச் சந்தேகம் கேட்கலாம். எந்தப் பரிசோதனை எங்கே நடக்கும், எவ்வளவு கட்டணம் என்று சொல்வார்கள். வீட்டிலிருந்தே கேட்க வேண்டும் என்றால் கிசான் அழைப்பு மையம் உண்டு. 2004-ல் தொடங்கிய இந்த மையத்தின் எண் 1800-180-1551. இதற்குக் கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

நோய் வந்த இடத்தில் செண்டுமல்லி நட்டார்கள். துலுக்கச் சாமந்தி என்றும் சொல்வார்கள். இதன் வேரில் உள்ள பொருள் நூற்புழுக்களைக் குறைக்கும். செண்டுமல்லிப் பூவுக்கும் சந்தை உண்டு. ஆனால் ஒரே பருவத்தில் புழு முழுவதும் ஒழிந்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. குறையும். அவ்வளவுதான். கோடையில் மண்ணை ஆழமாகக் கொத்தி வெயில் படவிட்டால் இன்னும் குறையும்.

மீதி இருந்த செடிகளிலும் 12 செடி பிறகு காய்ந்தது. மற்றவை நின்றன.

நடும் முன்பே செய்ய வேண்டியது

வந்தபின் மாற்றுவது கடினம். வராமல் தடுப்பது அதைவிட எளிது. செலவும் குறைவு.

நாற்றங்கால் போடும் இடத்தைக் கோடையில் கொத்தி ஈரமாக்க வேண்டும். அதன்மேல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளை விரித்து, ஓரத்தை மண்ணால் மூட வேண்டும். நாலு முதல் ஆறு வாரம் அப்படியே விட வேண்டும். உள்ளே மண் நன்றாகச் சூடேறும். புழுவும் பூசணமும் களை விதையும் குறையும். கறுப்புத் தாளைவிட ஒளி ஊடுருவும் தாளில் சூடு அதிகம் இறங்கும்.

நடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிப் போட்டு மண்ணோடு கலக்க வேண்டும். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணம் பொட்டலமாகக் கிடைக்கிறது. அதைத் தொழு உரத்தோடு கலந்து இடலாம். அது உயிருள்ள பொருள். பழையதானால் பயன் தராது. வாங்கும்போது பொட்டலத்தின் மேல் தயாரித்த தேதியையும் காலாவதித் தேதியையும் படித்துப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு வாங்க வேண்டாம். பூசணக்கொல்லி ரசாயனத்தை இதோடு சேர்த்துப் போடக் கூடாது. போட்டால் இந்த நல்ல பூசணமும் செத்துவிடும்.

ஒரு கிலோவுக்கு 15,000 பூ

கனகாம்பரம் மலர இரண்டு நாள் ஆகும். அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கிறார்கள். விடியற்காலையில் பறிப்பது நல்லது. வெயில் ஏறினால் பூ துவளும்.

இந்தப் பூ மிக லேசானது. ஏறத்தாழ 15,000 பூ சேர்ந்தால்தான் ஒரு கிலோ வரும். கனகாம்பரம் கிலோ விலை அதிகம் என்று கேட்டு ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பூவையும் கையால்தான் எடுக்க வேண்டும்.

நன்றாகப் பராமரித்தால் ஒரு எக்டேரில் ஆண்டுக்குச் சுமார் 2,000 கிலோ கிடைக்கும் என்று வேளாண் கையேடுகள் சொல்கின்றன. ஒரு ஏக்கருக்கு அது ஏறத்தாழ 800 கிலோ. 100 சென்ட் ஒரு ஏக்கர். அப்படியானால் ஒரு சென்டில் ஆண்டுக்கு 8 கிலோ. ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றால் ஆண்டுக்கு 180 முறை பறிப்போம். 8 கிலோ என்பது 8,000 கிராம். 8,000-ஐ 180-ஆல் வகுத்தால் ஒரு முறைக்கு ஏறத்தாழ 45 கிராம். பூவாக எண்ணினால் 670-க்கு மேல் வரும்.

எல்லா நாளும் 45 கிராம் வராது. அடை மழையில் குறையும். நல்ல பருவத்தில் கூடும். இது சராசரிக் கணக்கு.

45 கிராம் பூவை எடை போடும்போது 5 கிராம் குறைந்தால் என்ன ஆகும்? 5 கிராம் என்பது 75 பூ. அரிசி மூட்டையில் 5 கிராம் யாருக்கும் தெரியாது. கனகாம்பரத்தில் அது ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே தராசைப் பார்த்து நிற்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வியாபாரத்துக்கு வைத்திருக்கும் தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும் என்பது சட்டம். அது 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். மின்னணுத் தராசு என்றால், பூவை வைக்கும் முன் எண் 0 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே சரமாகக் கட்டி முழக் கணக்கில் விற்பவர்களும் உண்டு. அதில் கூலி நம் கைக்கே வரும். ஆனால் கட்டும் நேரத்தையும் சேர்த்துத்தான் லாபத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். தேதி, பூவின் எடை, விலை, வந்த பணம் என்று நாலு கட்டம் போட்டிருக்கிறாள். ஐந்தாவது கட்டம் செடிக்கு. அதில் எந்த வரிசையில் எந்தச் செடி மஞ்சளானது என்று எழுதுகிறாள். முன்பு 30 செடி காய்ந்தபோது எது முதலில் காய்ந்தது என்று அவளுக்கு நினைவில்லை. நோட்டில் இருந்தால் முதல் செடி வாடும்போதே தெரிந்துவிடும். அந்த ஒரு செடியைப் பெயர்த்துப் பார்க்கலாம்.

தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு

நிலம் இல்லாதவர்களும் கனகாம்பரம் வளர்க்கலாம். ஓர் அடி அகலமுள்ள தொட்டி போதும். அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பலாம். ஒரு தொட்டிக்கு ஒரு செடி நட வேண்டும். காலை வெயில் படும் இடத்தில் வைத்து, உச்சி வெயிலில் நிழல் கிடைக்கும்படி பார்க்க வேண்டும். கத்தரியோ தக்காளியோ வளர்ந்த தொட்டி மண்ணை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

படித்தபின் பேசுங்கள்

உங்கள் ஊரில் கனகாம்பரத் தோட்டம் இருக்கிறதா? செடி காய்ந்தால் அங்கே என்ன செய்கிறார்கள்?

உங்கள் கொல்லையில் கடந்த மூன்று ஆண்டில் என்னென்ன பயிர் இருந்தன? எழுதிப் பாருங்கள்.

ஒருவர் ஒரு நாளில் 60 கிராம் பூ பறித்தார். ஒரு கிலோவுக்கு 15,000 பூ என்றால், அவர் எத்தனை பூ பறித்திருப்பார்?